எஸ்பிஎஃப் இறால் குஞ்சு விட்டும் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது எப்படி?

திருமங்கலத்தான்:
இறாலைக் குழம்பில் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மச்சான் பேச்சை நம்பி தேவிபட்டினம் பக்கம் ஒன்றரை ஏக்கர் குளத்தில் பணம் போட்டேன். செப்டம்பர் 28-இல் 2 லட்சம் வனாமி ரக இறால் குஞ்சு விட்டோம். குஞ்சில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் ரிப்போர்ட் நெகட்டிவ். "எஸ்பிஎஃப் தாய் இறாலின் குஞ்சு, நோயே வராது" என்றார் குஞ்சு கொடுத்தவர்.

நவம்பரில் நாலு நாள் விடாத மழை. 47-ஆம் நாள், இறால் தின்கிறதா என்று பார்க்க வைக்கும் செக் ட்ரேயில் தீவனம் போட்டபடியே கிடந்தது. மறுநாள் இறால்கள் கரையோரம் வந்து மயங்கி நின்றன. ஓட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் சுண்ணாம்பு தெளித்த மாதிரி புள்ளிகள். அவசரமாக வலை போட்டு, 140 கவுண்டில் (கிலோவுக்கு 140 இறால்), கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டோம். சுத்தமான குஞ்சுக்கு நோய் எப்படி வந்தது? இந்த வெள்ளைப்புள்ளி வைரஸைத் தாங்கும் ரகம் உண்டா?

தொண்டிப் பண்ணைக்காரன்:
அண்ணே, எஸ்பிஎஃப் என்றால் நோய் வராத இறால் இல்லை. குறிப்பிட்ட சில கிருமிகள் இல்லாத வளர்ப்பிலிருந்து வந்தது, அவ்வளவுதான். குளிப்பாட்டி வெள்ளைச் சட்டை மாட்டிவிட்ட பிள்ளை மாதிரி. தெருவில் இறங்கினால் அழுக்காகத்தான் செய்யும். மழையும் ஒரு காரணம். தண்ணீர் 32, 33 டிகிரியில் இருந்தால் இந்த வைரஸ் பெருகுவது மட்டுப்படும், குளிர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். நண்டு வேலி போட்டிருந்தீர்களா? நண்டு வைரஸைச் சுமந்துகொண்டு தான் சாகாமல் திரியும்.

மதுரை லேப்காரி:
ரிப்போர்ட் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 150 குஞ்சு எடுத்துப் பார்த்தால், நூற்றுக்கு 2 குஞ்சில் வைரஸ் இருந்தால்தான் 95 சதவீத உறுதியோடு பிடிபடும். அதற்கும் குறைவென்றால் தப்பிவிடலாம்.

தாங்கும் ரகம் கேட்டீர்கள். 1992-இல் எக்வடோரில் தெரியவந்த டாரா என்ற இன்னொரு இறால் வைரஸ் நோய்க்கு அது நடந்தது. பிழைத்தவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பெருக்கி, தாங்கும் வனாமியை உருவாக்கினார்கள். வெள்ளைப்புள்ளியில் அந்த வழி மெதுவாகத்தான் நகர்கிறது, தாங்கும் குணம் பிள்ளைகளுக்கு இறங்குவது குறைவு. இறாலுக்கு ஆன்டிபாடி கிடையாது என்பதால் மனிதருக்குப் போடும் தடுப்பூசிக் கணக்கும் இங்கே செல்லாது.

டைகர் இறாலில் இன்னொரு கூத்து. ஐஎச்எச்என்வி என்ற வேறொரு இறால் வைரஸின் துண்டுகள் சில டைகர்களின் மரபணுத்தொகுதியிலேயே ஒட்டிக் கிடக்கும். பிசிஆரில் வைரஸை அடையாளம் தேடும் பிரைமர் பொருந்தாததாக இருந்தால் நோயில்லாத இறால்கூட பாசிட்டிவ் காட்டும்.

உங்கள் விஷயத்தில் நான் கேட்பது ஒன்றுதான்: தாய் எங்கிருந்து வந்தது? வெளிநாட்டு வனாமித் தாய் என்றால் சென்னை நீலாங்கரை தனிமைப்படுத்தும் நிலையம் வழியாக வந்திருக்க வேண்டும். சிலர் குளத்தில் வளர்ந்ததையே தாயாக்குகிறார்கள். அண்ணன் தங்கைக்குள்ளேயே கலந்து கலந்து குஞ்சு வலுவிழக்கும், குளத்து வைரஸும் கூடவே வரலாம். விலை குறைவாக இருந்ததா?

திருமங்கலத்தான்:
ஒரு குஞ்சுக்கு 10 பைசா குறைவு அக்கா. அதைச் சாமர்த்தியம் என்று மச்சானைத் தட்டிக்கொடுத்தவன் நான். தாய் எங்கிருந்து என்றால் "நம்ம ஆளுதான் மாமா" என்கிறான். நண்டு வேலி இல்லை. அப்புறம் இன்னொன்று: அக்டோபர் கடைசியில் பக்கத்துக் குளத்தில் இறால் செத்து, தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டார்களாம். அதே வாரம் அதே வாய்க்காலில்தான் எங்கள் மோட்டார் ஓடியது. இதை அவன் இன்று காலையில்தான் சொல்கிறான்.