குதிகால் தசைநாண் வலிக்கு ஷாக்வேவ் சிகிச்சை பலன் தருமா?

கேள்வி: மன்னார்குடியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 58 வயதாகிறது, விவசாயம் பார்க்கிறார். சென்ற சம்பா நடவிலிருந்து, ஆடுதசையிலிருந்து இறங்கிக் குதிகால் எலும்பில் சேரும் தசைநாணில் அவருக்கு வலி இருந்துகொண்டே இருக்கிறது. காலையில் முதல் சில அடிகளைச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வைக்கிறார். நடக்க நடக்கக் குறைகிறது. வரப்பில் ஏறி இறங்கினால் மறுநாள் கூடிவிடுகிறது. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். தஞ்சாவூரில் பார்த்த எலும்பு மருத்துவர் ஷாக்வேவ் சிகிச்சையைப் பரிந்துரைத்தார். உடம்பில் கரண்ட் வைப்பார்கள் என்று அப்பா அஞ்சுகிறார். எடுத்தவர்களும் அறிந்தவர்களும் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: கும்பகோணம், இயன்முறை மருத்துவர்

அப்பாவின் அச்சத்தை முதலில் போக்குங்கள். இதில் மின்சாரம் உடம்புக்குள் பாய்வதில்லை. சிறுநீரகக் கல்லை உடைக்க 1980இல் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்ட அழுத்த அலையின் வழிவந்த சிகிச்சை இது. நம் பக்கத்து பிசியோதெரபி நிலையங்களில் பெரும்பாலும் இருக்கும் கருவியில், காற்றழுத்தத்தால் உந்தப்படும் சிறு உலோகத் துண்டு கைப்பிடிக்குள் ஓடிவந்து முனையில் மோத, அந்த அதிர்வு ஜெல் தடவிய தோல் வழியாகத் தசைநாணுக்குச் செல்கிறது. ஒரு முறைக்குச் சுமார் 2000 துடிப்புகள். வாரம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து முறை. படபடவென்று தட்டும்போது வலிக்கத்தான் செய்யும். அப்படியும் மரத்துப்போகும் ஊசி போடாமலிருப்பதே நல்லது, ஏனெனில் “இங்கேதான்” என்று நோயாளி சொல்லும் இடத்தை வைத்துத்தான் முனையை நகர்த்துகிறோம்.

ஆனால் கருவியை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். இரு கால்களாலும் எழும்பி, வலியுள்ள காலில் மட்டும் எடையைத் தாங்கி மெல்ல இறங்கும் பயிற்சியை மட்டும் செய்தவர்களைவிட, அதனுடன் ஷாக்வேவும் பெற்றவர்கள் நான்கு மாதத்தில் மேலாக இருந்தார்கள் என்று 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அது தசைநாணின் நடுப்பகுதி வலிக்கானது. எலும்போடு ஒட்டும் இடத்தில் வலியென்றால் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே தொங்கவிடக் கூடாது. சமதரையிலேயே செய்ய வேண்டும். எந்த இடம் என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 2: திருவாரூரிலிருந்து

தம்பி, எனக்கும் இதே குதிகால்தான். சிகிச்சை நடந்த வாரங்களில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. அன்று இரவு வலி சற்றுக் கூடவும் செய்தது. எல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான், பயிற்சியை விடாமல் செய்துவந்த நிலையில், காலை நேரத்து இறுக்கம் விட்டது. அப்பாவைப் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள்.

பதில் 3: நாகப்பட்டினம், செவிலியர்

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தாலோ, அந்த இடத்தில் அண்மையில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலோ கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் இந்தத் தசைநாணைப் பாதிக்கக்கூடியவை. அவற்றை எடுத்தாரா என்று பழைய சீட்டுகளைப் பாருங்கள். சர்க்கரை இருப்பதால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே சிகிச்சையைத் தொடங்கட்டும். என்றாவது பின்காலில் யாரோ அடித்ததுபோல் “டப்” என்று கேட்டு, விரல்நுனியில் எழும்ப முடியாமல் போனால், அது தசைநாண் அறுந்ததற்கான அறிகுறி. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.