எஸ்தர் தன் குலத்தை மறைத்தது சரியா?

பனைமரம்:
வேதாகமத்தின் எஸ்தர் கதையை ஒரு பெண்ணின் துணிச்சலாகவே பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தோம். எனக்கு அது அந்நிய மண்ணில் ஒட்டிக்கொண்டவர்களுக்கான எச்சரிக்கை. கி.மு. 538-லேயே பெர்சிய ராஜா கோரேசு, சிறைப்பட்டுப் போன யூதர் ஊர் திரும்ப வழிவிட்டார். போகாமல் தங்கியவர்களின் வாரிசுகள்தான் பெர்சியத் தலைநகர் சூசானில் இருக்கிறார்கள். அத்சாள் என்ற யூதப் பெண் எஸ்தராகிறாள், ராஜாவுக்கு ராணியுமாகிறாள்; குலத்தைச் சொல்லாதே என்கிறார் அவளை வளர்த்த உறவினர் மொர்தெகாய். பிறகு யூதரை அழிக்கும் கட்டளை பிறந்து நகரமே கலங்குகிறது, அரண்மனைக்குள் இருப்பவளுக்கோ விஷயமே தெரியாது. மொர்தெகாய் துக்கத்துக்கு அடையாளமான இரட்டுடுத்தி வாசலில் நிற்கிறார் என்றதும் அவள் முதலில் கொடுத்தனுப்புவது மாற்றுத்துணி! அந்த இடம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆற்றங்கரை:
ஏற்க மாட்டேன். அவர் துணியை வாங்க மறுத்ததும் அரண்மனைப் பணியாளன் ஆத்தாகை அனுப்பி என்ன ஏது என்று விசாரித்தாளே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? தான் யூதன் என்று வெளிப்படையாகச் சொன்னவர் மொர்தெகாய். தன்னை வணங்காத அவர் மேல் ராஜாவின் மந்திரி ஆமானுக்கு வந்த கோபம் அவரோடு நிற்காமல் 127 நாடுகளிலும் இருந்த இனத்தின் மேலேயே பாய்ந்தது. எஸ்தர் மறைத்ததால்தான் ராஜாவின் பக்கத்தில் நம் ஆள் என்று ஒருத்தி இருந்தாள். சிறுபான்மையாக வாழ்பவர்கள் நேரம் பார்த்துத்தான் வாய் திறக்க முடியும். அதைக் கோழைத்தனம் என்பது எளிது.

பனைமரம்:
கோழை என்று நான் சொல்லவே இல்லை. அரண்மனையில் இருப்பதால் தப்பிவிடுவாய் என்று நினைக்காதே என்று பிறகு மொர்தெகாயே சொல்கிறார் (4:13). மறைக்கச் சொன்னவரே!

ஆற்றங்கரை:
நேரம் வந்தது, சொன்னார். ராஜா அவளை அழைத்து 30 நாள் ஆகியிருந்தது. அழைக்காமல் உள்ளே போனால் சாவு. பொற்செங்கோல் நீண்டால்தான் உயிர். "நான் செத்தாலும் சாகிறேன்" என்று அவள் சொன்னது அந்த நிலையில்.

தறி:
இருவரும் 9-ஆம் அதிகாரத்தைத் தொடவில்லை. ராஜாவின் முத்திரை விழுந்த கட்டளையை அவராலேயே திரும்பப் பெற முடியாது. அதனால் யூதர் எதிர்த்து நிற்க இன்னொரு கட்டளை; கடைசியில் அவர்களின் பகைவர் 75,000 பேர் சாகிறார்கள். கொள்ளையடிக்க அனுமதி இருந்தும் யூதர் கை நீட்டவில்லை என்று மூன்று முறை எழுதிவைத்திருக்கிறது. எழுதியவருக்கே அந்த ரத்தம் உறுத்தியிருக்கிறது என்றுதான் படிக்கிறேன். எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கிரேக்க மொழிபெயர்ப்பில்தான் ஜெபங்களைச் சேர்த்தார்கள். இதை வெற்றிக் கதை என்று எப்படிச் சொல்வது?

ஆற்றங்கரை:
கொல்ல வருபவனிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறீர்களா? அந்த மீட்பை நினைக்கும் பூரிம் பண்டிகை இன்றும் கொண்டாடப்படுகிறதே.

பனைமரம்:
கொண்டாடுகிறார்கள். ஆனால் மற்ற பல பண்டிகைகளில் பாடும் அல்லேல் என்ற துதிச் சங்கீதங்களைப் பூரிமில் பாடுவதில்லை. ஏன் என்ற கேள்விக்கு, யூத ரபிகளின் விளக்கத் தொகுப்பான தல்மூதில் ராவா என்ற ரபி சொல்லும் பதில்: நாம் இன்னமும் அகாஸ்வேருவின் (எஸ்தர் கதையின் ராஜா) அடிமைகள்தானே. நான் சொல்ல வந்தது அதைத்தான், ஆற்றங்கரை.