பாதம் பட்டால் வளரும் ஒளிக்கோலம்: சோதனைகளை எங்கே நிறுத்துவது?

ஜார்ஜ்டவுன் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் ஊடாட்ட வடிவமைப்புப் படிக்கும் நான், தீபாவளிக் காலத்தில் லெபோ பாசார் பக்கத்துக் கடைவீடு ஒன்றின் முன்கூடத்தில் வைப்பதற்காக, தரையில் ஒளியாக விழும் சிக்குக் கோலம் ஒன்றைச் செய்துவருகிறேன். மேலே தொங்கும் புரொஜெக்டர் கோலத்தைத் தரையில் காட்டும். அதன் அருகிலுள்ள கேமரா, நடப்பவரின் பாதம் எங்கே இருக்கிறது என்று பார்க்கும். பாதம் பட்ட இடத்திலிருந்து இழை வளர்ந்து புள்ளிகளைச் சுற்றிக்கொண்டு போகும். ஐந்து வாரமாக இதற்கான நிரலை எழுதி, இழையின் தடிப்பு, அரிசிமாவின் சொரசொரப்பு வரைக்கும் செப்பனிட்டிருக்கிறேன்.

சென்ற வாரம் ஏழு வயதான என் அண்ணன் மகளை அழைத்து வந்து காட்டினேன். இழை வளர்வதை அவள் ஒருமுறை பார்த்ததோடு சரி. பிறகு குந்தி உட்கார்ந்து, ஒரு புள்ளியின் மேல் கையை நீட்டினாள். தரையிலிருந்த புள்ளி அவளுடைய புறங்கையில் ஏறி நின்றது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் வைக்க முயன்றாள். அரைமணி நேரம் அதுவே அவளுக்கு விளையாட்டாக இருந்தது. நான் எழுதிய நிரலிலோ அதற்கு எந்த மறுமொழியும் இல்லை.

திட்டம் முழுவதையும் தாளில் வரைந்து முடித்த பிறகே நிரலைத் தொட வேண்டும் என்பது என் விரிவுரையாளரின் கருத்து. ஆனால் புறங்கையில் ஏறிய அந்தப் புள்ளி எந்த வரைபடத்திலும் தெரிந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. செய்ததை ஒதுக்கிவிட்டு மறுபடியும் சோதனைகளில் இறங்கலாமா? இறங்கினால் எங்கே நிறுத்துவது?

பிரிக்பீல்ட்ஸ் வடிவமைப்பாளர்:
தங்கைக்கு வணக்கம். இறங்கலாம். உங்கள் அண்ணன் மகள் ஐந்தாவது வாரத்தில் வராமல் இரண்டாவது நாளே வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே வருத்தம். 1996இல் வெளிவந்த பாம் பைலட் கையடக்கக் கருவியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், முதலில் அந்த அளவுக்கு ஒரு மரத்துண்டை அறுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாராவது சந்திப்புக்கு நாள் கேட்டால் அந்த மரத்துண்டை எடுத்துக் குறித்துக்கொள்வது போலப் பாவனை செய்து பார்த்தார். மரத்துண்டில் நிரல் ஏது? ஆயினும் அது பைக்குள் அடங்குமா, எதற்காக அதை வெளியே எடுப்போம் என்ற கேள்விகளுக்கு அது விடை சொன்னது. நம் வீடுகளிலும் வாசலில் போடுவதற்கு முன் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் கோலம் போட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டல்லவா?

நிரலைச் சில நாள் மூடி வையுங்கள். புள்ளிகளை மட்டும் தரையில் ஒளியாக விழச் செய்து, நீங்கள் ஒரு திரைக்குப் பின்னால் விசைப்பலகையோடு உட்கார்ந்து, குழந்தை கையை வைக்கும்போதெல்லாம் நீங்களே புள்ளியை நகர்த்துங்கள். தோற்பாவைக் கூத்தில் பாவையை ஆட்டுபவரை யாரும் தேடுவதில்லை. கருவிதான் மறுமொழி தருகிறது என்று குழந்தையும் நம்பிவிடும். ஒரு சோதனைக்கு ஒரு கேள்வி போதும். முதல் இரண்டு வாரம் இதற்கு; அதன்பின் புதிதாக எதையும் சேர்க்காமல், புரொஜெக்டரைத் தொங்கவிடுவது, கம்பிகளை யார் காலிலும் சிக்காமல் கொண்டுபோவது ஆகியவற்றைப் பாருங்கள். இவற்றுக்கு நாம் நினைப்பதைவிட அதிக நாள் பிடிக்கும்.

சுங்கை டுவா நிரலாளர்:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். கேசி ரீஸும் பென் ஃப்ரையும் படம் வரையும் நிரல்களை எழுதுவதற்கான புராசசிங் மொழியை 2001இல் தொடங்கியபோது ஒவ்வொரு நிரலையும் ‘ஸ்கெட்ச்’ என்றே அழைத்தார்கள், அதை இணைய உலாவிக்குக் கொண்டுவந்த பி5.ஜேஎஸ்ஸிலும் அதே பெயர்தான் நிலைத்திருக்கிறது. கிறுக்கிப் பார்த்துவிட்டுத் தாளைப் புரட்டுவது போல, ஒவ்வோர் எண்ணத்துக்கும் தனி ஸ்கெட்ச் தொடங்குங்கள். தற்செயலாக அமையும் அழகான கோலம் தொலைந்துபோகாமல் இருக்க ரேண்டம்சீடு என்ற கட்டளைக்கு ஓர் எண்ணைக் கொடுத்து (அதே எண்ணைக் கொடுத்தால் அதே கோலம் மறுபடியும் வரும்), அந்த எண்ணையே படத்தின் கோப்புப் பெயராக வைத்துச் சேமியுங்கள்.

தாமதத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள். நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசியில் பாதம் தரையைத் தொடுவதைப் பதிவுசெய்து, ஒளி மாறும் வரை எத்தனை படங்கள் கடக்கின்றன என்று எண்ணுங்கள்; 24 படம் என்றால் 0.1 நொடி. இழை வளரத் தொடங்க அந்த அளவு போதும், யாரும் தாமதத்தை உணரமாட்டார்கள். ஆனால் புள்ளி கையோடு ஒட்டிக்கொண்டு நகர வேண்டுமென்றால் அது போதாது. கை முன்னே போக, புள்ளி பின்னால் இழுபடுவது கண்ணுக்குத் தெரியும்.

பிறை வாசகி:
எனக்கு நிரல் தெரியாது, கோலம் தெரியும். சிக்குக் கோலத்தில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு வாசல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாசல் திறந்திருந்தால் இழைகள் அங்கே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கடக்கும்; மூடியிருந்தால் தத்தம் பக்கமே திரும்பிவிடும். நேர்ப்புள்ளியில் 3க்கு 4, அதாவது மூன்று வரிசையில் வரிசைக்கு நான்கு புள்ளி வைத்து எல்லா வாசல்களையும் திறந்துவிட்டால் ஒரே இழையில் கோலம் முடியும். 3க்கு 3 வைத்தால் மூன்று இழைகள் வரும். எந்த வாசலை மூடினாலும் இழைகளின் எண்ணிக்கை மாறலாமே தவிர, எந்த இழையும் பாதியில் அறுந்து நிற்காது. ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள எல்லா வாசல்களையும் மூடினால் அதைச் சுற்றி ஒரு தனி வட்டம் நிற்கும். ஆகவே குழந்தையின் கை புள்ளியைத் தூக்க வேண்டாம், வாசலை மூடட்டும். அவள் என்ன செய்தாலும் கோலம் கெடாது.

ஜார்ஜ்டவுன் மாணவி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை ஒரு வெள்ளைக் கித்தானை விரித்து, 3க்கு 4 புள்ளி வைத்து, நான் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து விசைப்பலகையால் வாசல்களை மூடித் திறந்தேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் வந்தார்கள். ஒரே இழை இரண்டாகப் பிரிந்ததை முதலில் கண்டுபிடித்தவள் என் அண்ணன் மகள்தான். நான் இரண்டு நிறம் கொடுத்திருந்ததால் அது உடனே தெரிந்தது. பிறகு ஐவரும் கூடி, மறுபடியும் ஒரே நிறமாக்குவதற்கு யார் கையை எங்கே வைப்பது என்று தங்களுக்குள் பேசி முடிவுசெய்தார்கள். நான் விசையை அழுத்தச் சற்றுத் தாமதித்தபோதெல்லாம் கையை எடுக்காமல் காத்திருந்தார்கள்.

தாமதத்தையும் அளந்தேன்: 31 படம், அதாவது ஏறத்தாழ 0.13 நொடி. கை ஓரிடத்தில் நிலைத்து நின்ற பிறகே வாசல் மூட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இது தடையாக இராது. பழைய நிரலில் இழை வரையும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மாவின் சொரசொரப்பை விட்டுவிட்டேன். பிள்ளைகளில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. கடைவீட்டு முகப்பின் நடைபாதையான அஞ்சடியிலிருந்து வரும் பகல் வெளிச்சத்தில் ஒளி வெளுத்துப்போகிறது. வியாழக்கிழமை மாலை 7 மணிக்கும் 8 மணிக்கும் ஒருமுறை கித்தானை விரித்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.