'த்ரோ இன் த டவல்' என்று அஸ்வினுக்கு எழுதலாமா?

மல்லி_மதுரை: கல்லூரி இதழுக்கு அஸ்வின் ஓய்வு பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். 2024 டிசம்பரில் பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்ததும் அறிவித்தாரே, அதுதான். 'அஸ்வின் த்ரோஸ் இன் த டவல்' என்று தலைப்பு வைத்தேன். மேடம் அதை அடித்துவிட்டு 'கால்ஸ் இட் எ டே' என்று மாற்றிவிட்டார். இரண்டுமே நிறுத்திக்கொள்வதுதானே?

கிச்சா62: மேடம் சரி. டவல் என்றால் தோற்றுப்போய் விடுவது. டெஸ்டில் 537 விக்கெட் எடுத்தவரைப் போய்…

வியாசர்பாடி_பஞ்ச்: பாக்சிங் பார்த்திருந்தால் இந்தத் தலைப்பு வைத்திருக்க மாட்டீர்கள் தங்கச்சி. அடி வாங்குகிறவன் தானாக நிறுத்த மாட்டான், ரோஷம் விடாது. கார்னரில் நிற்கும் கோச்தான் 'போதும், பையன் தாங்க மாட்டான்' என்று டவலை ரிங்குக்குள் வீசுவார். எதிராளி ஜெயித்ததாகக் கணக்கு.

2020 பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் டைசன் ஃபியூரியிடம் டியான்டே வைல்டர் வாங்கிய அடி! ஏழாவது ரவுண்டில் வைல்டரின் கோச் மார்க் பிரீலண்ட் டவலை வீசிவிட்டார். அவரே 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய பாக்சர், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். வைல்டருக்கோ ஆத்திரம், பிறகு அவரை டீமிலிருந்தே அனுப்பிவிட்டார். என்னைக் கேட்டால் பிரீலண்ட் செய்ததுதான் நியாயம்.

பேச்சு வழக்கில் கோச் தேவையில்லை, அவரவர் டவலை அவரவரே எறியலாம். நஷ்டத்தில் இழுத்துப் பார்த்துவிட்டுக் கடையை மூடுகிறவர் எறிவது இந்த டவல்தான். 'கால் இட் எ டே'வில் தோல்வி வாசனையே கிடையாது. செய்தவரை போதும், கிளம்பலாம், அவ்வளவுதான். சாயங்காலம் ஆபீசில் கம்ப்யூட்டரை மூடும்போதும் சொல்வார்கள்.

சர்வர்சுந்தரி: 'புல் த ப்ளக்' என்று இன்னொன்றும் உண்டு. அதிகாரம் உள்ளவர் ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்துவது. 2023 ஜனவரியில் கூகுள் தன் ஸ்டேடியா கேம் சேவையை மூடியது அந்த ரகம். ஆனால் நோயாளியின் உயிர்காக்கும் கருவியை நிறுத்துவதற்கும் அதே சொல்தான். துக்க வீட்டு மெயிலில் போட்டுவிடாதீர்கள்.

மல்லி_மதுரை: நன்றி அண்ணா, அக்கா. ஆனால் ஓய்வு பெற்றாகிவிட்டதே, தலைப்பில் 'கால்ட்' என்று வர வேண்டாமா?

கிச்சா62: வேண்டாம். ஆங்கிலச் செய்தித் தலைப்பில் முடிந்ததையும் நிகழ்காலத்தில்தான் எழுதுவார்கள். கட்டுரைக்குள் 'கால்ட் இட் எ டே' போடும்மா.