மொத்தோபெக்கான் டூரிங் சைக்கிள்: கிராங்க் கழலவில்லை, பி.பி. ஆடுகிறது. உதவி தேவை

பொபினிக்காரன்:
வணக்கம். பாரிசுக்குப் பக்கத்தில் பொபினியில் இருக்கிறேன். பழைய பொருள் விற்கும் லெபொன்குவான் தளத்தில் பார்த்து, 1970களின் கடைசியில் செய்த மொத்தோபெக்கான் டூரிங் சைக்கிள் ஒன்றை 90 யூரோவுக்கு வாங்கினேன். அலுமினிய மட்கார்டு, முன்னும் பின்னும் கேரியர், டைனமோ விளக்கு, மஃபாக் பிரேக், 650பி அளவு ரிம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. விற்றவர் வீட்டு நிலவறையில் பல வருடம் சும்மா நின்ற வண்டி. பெயிண்ட் பரவாயில்லை. சட்டத்தில் நெளிவோ விரிசலோ தெரியவில்லை. இந்தக் கம்பெனி 1923இல் தொடங்கியது எங்களுக்கு அடுத்த ஊரான பாந்தெனில்தான் என்பதும் ஆசையைக் கிளப்பிவிட்டது.

சிக்கல் இதுதான். கிராங்கை, அதாவது பெடல் மாட்டிய கையை, பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடுகிறது, சுற்றினால் கரகரக்கிறது. கிராங்க் அச்சு சுழலும் பேரிங், அதாவது பி.பி.யில்தான் கோளாறு. திறந்து பால்ஸ் மாற்றலாம் என்று கிராங்கை அச்சிலிருந்து இழுத்துக் கழற்றும் புல்லர் ஒன்று வாங்கினேன். அது மரையில் பிடிக்கவே இல்லை, தொளதொளவென்று நிற்கிறது. கிராங்கில் ஸ்ட்ராங்லைட் என்று பொறித்திருக்கிறது. பக்கத்துக் கடையில் கேட்டால், "இதற்கெல்லாம் உதிரிபாகம் வராது, புதிது வாங்குங்கள்" என்கிறார்கள்.

இன்னும் 100 யூரோதான் என்னால் போட முடியும். டயர் இரண்டும் வெடித்துப்போனவை, அதுவும் அதற்குள் வர வேண்டும். கோடையில் லுவார் ஆற்றோரப் பாதையில் ஓட்டிப் போகலாம் என்று திட்டம். முடியுமா, தலை முழுகிவிடலாமா?

சென்னை ராண்டோ:
இது ரொம்பச் சாதாரண வேலை. கிராங்கை எப்படியாவது கழற்றிவிட்டு, வலப்பக்கத்து நிலைக் கப்பை (பால்ஸ் ஓடும் கிண்ணம், சட்டத்தில் நிலையாக இறுக்கியிருக்கும்) கடிகாரச் சுற்றில் திருகுங்கள், கழன்றுவிடும். அந்தப் பக்கம் எப்போதும் இடது மரைதான். நம் ஊர் அட்லஸ், ஹீரோ எல்லாவற்றிலும் அப்படித்தான். பிறகு அச்சும் பேரிங்கும் ஒன்றாகச் சீல் போட்ட கார்ட்ரிட்ஜ் பி.பி. ஒன்றைப் போட்டால் பத்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

துளூஸ் மெக்கானிக்:
பொபினிக்காரரே, ஸ்பேனரைக் கீழே வையுங்கள். மேலே சொன்னது பிரிட்டிஷ் மரைக்குச் சரி. நம் ஊர் சைக்கிள்கள் அந்த வழியில் வந்தவை. பழைய பிரெஞ்சு வண்டிக்குக் கதை வேறு.

முதலில் புல்லர். நீங்கள் வாங்கியது 22 மி.மீ., இன்றைய அளவு. பழைய ஸ்ட்ராங்லைட் கிராங்குக்கு 23.35 மி.மீ. வேண்டும். அதே காலத்து தே.ஆ. (T.A.) கம்பெனிக் கிராங்குக்கு 23. அதனால்தான் பிடிக்காமல் சுற்றுகிறது. துணி சுற்றியோ சாய்த்தோ இறுக்கிப் பார்க்காதீர்கள். அலுமினிய மரை ஒரு முறை சிதைந்தால் கிராங்கை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இந்தக் கருவியைக் காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். நாமே பழுது பார்த்துக்கொள்ளும் பட்டறைகளான அத்தொலியேக்கள் பிரான்ஸ் முழுக்க இருக்கின்றன. லெரோ சிக்லாஜ் என்ற கூட்டமைப்பின் வரைபடத்தில் உங்கள் பக்கத்தில் எது என்று பாருங்கள். வருடச் சந்தா கட்டினால் கருவிகளும் பழைய சாமான் பெட்டியும் உங்களுக்குத் திறந்திருக்கும். சைக்கிளோடு சைக்கிளாக வயதான பிரெஞ்சுக்காரர் ஒருவரும் அங்கே நிச்சயம் இருப்பார். அவரிடம் மொத்தோபெக்கான் என்று சொன்னாலே போதும், நீங்கள் கையை அழுக்காக்க வேண்டியிருக்காது.

அடுத்து பி.பி. மரை. பிரெஞ்சு அளவு 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி, இரண்டு பக்கமும் வலது மரை. அதாவது வலப்பக்கக் கப்பும் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில்தான் கழலும். ஆனால் மொத்தோபெக்கான் சுவிஸ் மரையும் போட்டிருக்கிறது. அதுவும் இதே 35×1, வலப்பக்கம் மட்டும் இடது மரை. எந்தப் பக்கம் என்று தெரியாமல் நீளக் குழாயை மாட்டி மிதித்தால் கழல வேண்டிய கப் இறுகும், இல்லையென்றால் கப்பின் தட்டைப் பக்கங்கள் வழுக்கிப்போகும். கப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். சிலவற்றில் 35 என்ற எண்ணுக்கு அருகே ஒரு எழுத்து இருக்கும். இடதைக் குறிக்கும் 'கோஷ்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்தான G என்றால் சுவிஸ், வலதைக் குறிக்கும் 'துருவாத்' என்பதன் முதலெழுத்தான D என்றால் பிரெஞ்சு.

இவ்வளவும் சொன்ன பிறகு என் உண்மையான யோசனை: நிலைக் கப்பைத் தொடவே வேண்டாம். இடப்பக்கத்துக் கப் எல்லா வகையிலும் வலது மரைதான். அதன் பூட்டு வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் தளர்த்தி, கப்பை எதிர்ச்சுற்றில் கழற்றுங்கள். அச்சை உருவி எடுங்கள். மண்ணெண்ணெய்த் துணியால் உள்ளே துடைத்து, டார்ச் அடித்து நிலைக் கப்பின் பாதையைப் பாருங்கள். பால்ஸ் ஓடிய வளையம் வழவழவென்று இருந்தால் அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். குழி விழுந்திருந்தால் மட்டும் திரும்ப வாருங்கள், பேசுவோம். மரையைக் கவ்வாமல் விரிந்து பிடிக்கும் கார்ட்ரிட்ஜும் கிடைக்கிறது, ஆனால் அது உங்கள் பட்ஜெட்டில் பெரும் பங்கை விழுங்கிவிடும்.

சென்னை ராண்டோ:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒன்று புரியவில்லை. வலப்பக்கம் வலது மரை என்றால் மிதிக்க மிதிக்கக் கப் தானாகக் கழன்று வராதா?

துளூஸ் மெக்கானிக்:
வரும். பால்ஸ் உருளும்போது கப்பைக் கழலும் திசையில் மெல்லத் தள்ளும். பிரிட்டிஷ்காரர்களும் சுவிஸ்காரர்களும் இடது மரைக்குப் போனது அதனால்தான். பிரெஞ்சுக்காரர்கள் பலமாக இறுக்கியே சமாளித்தார்கள். இத்தாலியர்களும் அப்படியே.

யாழ் சவாரி:
தம்பி, நான் லியோனில் இருக்கிறேன். ரயர் விஷயத்தில் ஏமாந்து போகாதையுங்கோ. 650பி என்றால் ரயரின் பக்கத்தில் 584 என்ற எண் இருக்க வேண்டும். 26 அங்குலம் என்று எழுதியதைப் பார்த்து வாங்கினால் 590 வரலாம், 559 வரலாம். 590 என்றால் ஆறு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் ரிம்மில் சரியாக உட்காராது. இப்போது மலைச் சைக்கிளுக்கு 27.5 என்று விற்பதும் இதே 584தான். அதனால் ரியூப்புக்கு அலைய வேண்டாம், 27.5க்கு உரியதில் ஒடுக்கமானதாக எடுத்தால் பொருந்தும். ரயர் வாங்க முன்னம் மட்கார்டுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து கொள்ளுங்கோ.

ஹாண்டிலைத் தாங்கும் ஸ்டெம்மில் ஆவா என்று பெயர் இருக்கிறதா பாருங்கோ. இருந்தால் அதைக் கழற்றிக் கீழ்ப்பகுதியில் விரிசல் தேட வேண்டும். அந்த ஸ்டெம்கள் உடைவதற்குப் பேர் போனவை. நானாக இருந்தால் விரிசல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுவேன், முன்பல்லில் சிக்கனம் பிடிக்கக் கூடாது. பிரெஞ்சு அளவு 22.0 மி.மீ., கடையில் கிடைப்பது 22.2. உப்புத்தாளால் சுற்றிவரச் சீராகத் தேய்த்தால் இறங்கிவிடும்.

பொபினிக்காரன்:
அண்ணாக்கள் எல்லோருக்கும் நன்றி. அத்தொலியேவுக்குப் போய் வந்தேன். 23.35 புல்லர் இருந்தது, இரண்டு கிராங்கும் சுலபமாக வந்துவிட்டன. நிலைக் கப்பைத் தேய்த்துப் பார்த்தால் 35க்குப் பக்கத்தில் 'கோஷ்' எழுத்து! சுவிஸ்தான். ஆனால் உள்ளே பாதை பளபளவென்று இருந்ததால் தொடவில்லை. பால்ஸ்தான் துரு ஏறிப் புள்ளி புள்ளியாக இருந்தன. அச்சில் மெல்லிய கோடு மட்டும். ஸ்டெம்மில் ஃபிலிப் என்று இருக்கிறது, விரிசல் இல்லை.

இப்போது இரண்டு சந்தேகம். பால்ஸ் என்ன அளவு? முன் டிரெய்லியர் (செயினை முன் பல்சக்கரங்களுக்கு இடையே மாற்றுவது) சிம்ப்ளெக்ஸ் பிளாஸ்டிக், பாதியில் பிளந்திருக்கிறது. பெட்டியில் கிடைத்த ஷிமானோவை மாட்டினால் குழாயில் வழுக்குகிறது.

துளூஸ் மெக்கானிக்:
கால் அங்குலம், பக்கத்துக்கு 11. கூண்டோடு இருந்த பழைய பால்ஸை வீசிவிட்டுத் தனி பால்ஸாகக் கிரீஸில் பதித்து வையுங்கள். கப்பை ஆட்டம் நிற்கும்வரை இறுக்கி, பூட்டு வளையத்தைப் போடும்போது கப் கூடவே திரும்பாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கிராங்கை மாட்டி நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும். ஒரே தடவையில் யாருக்கும் அமையாது.

சிம்ப்ளெக்ஸின் அந்த டெல்ரின் பிளாஸ்டிக் பிளப்பது ஊரறிந்த சங்கதி. ஷிமானோ பட்டை 28.6 மி.மீ. குழாய்க்கு, உங்கள் குழாய் 28.0. குளிர்பானக் கேனைக் கீலமாக வெட்டி, தேவையான சுற்றுக்குக் குழாயில் சுற்றி அதன் மேல் மாட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஃப்ரீவீலை, அதாவது பின் சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதியை, மாற்றும் ஆசை வரும். பிரெஞ்சு ஹப்பில் மரை வேறாக இருக்கலாம். புதிதை அழுத்தித் திருகினால் ஹப் போய்விடும். பழையது நன்றாகச் சுற்றுகிறதென்றால் எண்ணெய் விட்டு அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஏழு, எட்டு கியருக்கான மலிவுச் செயின் அதில் ஓடும்.

பொபினிக்காரன்:
ஓடுகிறது! பி.பி. சத்தமே இல்லை. கணக்கு: சந்தா 20, டயர் 40, ட்யூப் 8, செயின் 11, பால்ஸும் கிரீஸும் 7, கேபிள் 6. மொத்தம் 92 யூரோ. உர்க் கால்வாயோரம் ஒரு சுற்றுப் போய் வந்தேன். முன் பிரேக் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கீச்சிடுகிறது. மிச்சமிருக்கிற 8 யூரோவில் ஏதாவது வழி உண்டா?

யாழ் சவாரி:
மஃபாக் என்றால் அது பாடத்தான் செய்யும். அந்தக் கட்டைகள் கல்லாகிப் போயிருக்கும், மேல்தோலை உப்புத்தாளில் உரசி எடுங்கோ. ரிம்மையும் ஸ்பிரிட்டால் துடையுங்கோ. பிறகு கட்டையின் தண்டைப் பிடிக்கும் நட்டைத் தளர்த்தி, சைக்கிளின் முன்பக்கம் பார்க்கும் முனை ரிம்மை முதலில் தொடுகிற மாதிரி ஒரு மில்லிமீட்டர் சாய்த்து இறுக்குங்கோ. அதற்கும் கீச்சிட்டால் கட்டையை மாற்ற வேண்டியதுதான். மரை இல்லாத வெறும் தண்டு உள்ள கட்டை என்று கேட்டு வாங்குங்கோ. முன்பக்கத்துக்கு மட்டும் இப்போது வாங்கி, பின்பக்கத்தை அடுத்த சம்பளத்துக்கு விடலாம்.