ஆர்த்தங்க் கோபுரம்: எண்கோணச் சுவர் மூடவில்லை, பாதிக்கு மேல் சாய்கிறது. உதவி வேண்டும்

கறுங்கோபுரம் (கேள்வி)

வணக்கம். டோல்கீனின் ‘தி டூ டவர்ஸ்’ நூலில் மந்திரவாதி சாருமான் குடியிருக்கும் ஆர்த்தங்க் கோபுரத்தை லெகோவில் சொந்த வடிவமைப்பாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். 2013இல் வந்த 10237 செட் தெரிந்திருக்கும்: 2359 துண்டுகள், ஏறக்குறைய 73 செ.மீ. உயரம், மாடி மாடியாக அறைகள். அருமையான செட்தான், ஆனால் அது திரைப்படத்தின் கோபுரம். எனக்கு வேண்டியது நூலைப் படித்தபோது மனத்தில் நின்ற கோபுரம். உள்ளே அறை எதுவும் வேண்டாம். நாலு பக்கமும் சுற்றி வந்து பார்க்க முடிய வேண்டும், அவ்வளவுதான்.

உச்சித்தளம் தரையிலிருந்து 500 அடி உயரம் என்கிறது நூல். அது சுமார் 152 மீட்டர். 1:160 அளவில் 95 செ.மீ. வருகிறது, கொம்புகள் அதற்கும் மேலே. இந்த அளவில் ஒரு ஆளின் உயரம் 11 மி.மீ. ஒரு 1×1 பிரிக் ஸ்டட்டோடு (மேலே உள்ள குமிழோடு) சேர்த்து 11.3 மி.மீ. இருப்பதால் ஆளுக்கு ஒரு பிரிக் என்று வைத்துக்கொண்டேன். இந்தப் பொருத்தத்துக்காகவே அளவை மாற்ற மனம் வரவில்லை.

இப்போது சிக்கல்கள். அடித்தளத்தை எண்கோணமாக அமைத்திருக்கிறேன். நேர்ப்பக்கம் 8 ஸ்டட் நீளம், மூலைக்கு 6 ஸ்டட் விட்டு மொத்த அகலம் 20. மூலைவிட்டச் சுவர்களும் 8 ஸ்டட்தான், இரு முனையிலும் கீல் பிளேட் (மடங்கும் மெல்லிய துண்டு). ஒரு முனையை மாட்டினால் மறு முனை அரை ஸ்டட் தள்ளி நிற்கிறது. அழுத்தி மாட்டினால் எதிர்ப்பக்கம் திறந்துகொள்கிறது.

அடுத்தது சாய்வு. 50 செ.மீ. வரை நேராக வருகிறது, அதற்கு மேல் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஒரு பக்கம் சாய்கிறது. சுவர் முழுக்க வழக்கமான பிரிக் அடுக்கு, உள்ளே வெற்றிடம்.

மூன்றாவது, உச்சியில் இருக்கும் நாலு கொம்புகள். பந்து மூட்டு வைத்து வெளிப்பக்கம் விரித்தேன். மெல்ல மெல்லத் தொங்கிவிடுகின்றன.

இன்னொன்று, எல்லாமே கறுப்பு என்பதால் இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் வேலைப்பாடு எதுவும் தெரியவில்லை. சாம்பல் நிறம் கலக்கலாமா?

ஐந்துபிளேட்

சுவர் சிக்கலுக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன். இது முழுக்கக் கணக்கு. மூலைக்கு 6 விட்டால் மூலைவிட்டத்தின் நீளம் 6 பெருக்கல் 1.414, அதாவது 8.485 ஸ்டட். நீங்கள் வைத்திருப்பது 8. மீதி 0.485 ஸ்டட், 8 மி.மீ. ஸ்டட்டுக்கு ஏறக்குறைய 3.9 மி.மீ. அரை ஸ்டட் தள்ளி நிற்கிறது என்று நீங்கள் சொன்னது அதேதான். எவ்வளவு அழுத்தினாலும் அந்த இடைவெளி எங்கேயும் போகாது, பக்கம் மாறித் திரியும்.

மூலைக்கு 5, பக்கத்துக்கு 7 என்று வைத்துப் பாருங்கள். மூலைவிட்டம் 7.07. பிழை அரை மி.மீ.க்குச் சற்று அதிகம், கீலின் தளர்விலேயே அது மறைந்துவிடும். மொத்த அகலம் 17 ஸ்டட். இன்னும் துல்லியம் வேண்டுமானால் 12, 17, 12. அங்கே பிழை கால் மி.மீ.கூட இல்லை, ஆனால் அகலம் 41 ஸ்டட் ஆகிவிடும். உங்கள் அளவுக்கு அது பெரிது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த நீளங்களைக் கீல் சுழலும் மையத்திலிருந்து அடுத்த கீலின் மையம் வரை அளக்க வேண்டும். பிளேட் விளிம்பிலிருந்து அளந்தால் மறுபடியும் இடிக்கும்.

இசங்கார்டு வாசகி

ஐந்துபிளேட் சொன்ன கணக்கு சரி. ஆனாலும் கறுங்கோபுரம், உங்களுக்கு எண்கோணமே தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நூலை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஆர்த்தங்க் ஒரே எண்கோணக் குழாய் என்று அங்கே எங்கும் இல்லை. பல பட்டைகள் கொண்ட நாலு பெரும் தூண்கள் ஒன்றாக ஒட்டி நிற்கின்றன, உச்சிக்குப் பக்கத்தில் அவை பிரிந்து கொம்புகளாகின்றன என்றுதான் வருகிறது. ஆகவே கொம்பு என்பது உச்சியில் தனியாகச் செருகும் அலங்காரம் இல்லை, தரையிலிருந்து ஏறி வரும் தூணின் நுனி அது. அதற்கும் மேலே ஒரு முக்கியமான விவரம்: பெரிய கதவு கிழக்குப் பக்கம், இரண்டு தூண்கள் கூடும் கோணத்துக்குள் இருக்கிறது.

இதை அப்படியே எடுத்துக்கொண்டால் உங்கள் வேலை எளிதாகிவிடும். நடுவில் சதுரமாக ஒரு தண்டு. அதன் நாலு முகத்திலும் ஒவ்வொரு தூண். மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி மாதிரி இருக்கும். கதவு தூண்களுக்கு இடைப்பட்ட உள்மூலையில் வரும். அந்த உள்மூலை கிழக்கே பார்க்கும்படி முழுக் கோபுரத்தையும் 45 பாகை திருப்பி வைத்துவிடுங்கள். ஆர்த்தங்கைச் சூழ்ந்த கோட்டையான இசங்கார்டின் சுற்றுமதில் வட்டம்தானே, அடித்தளம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான். கீல் கணக்கே வேண்டாம். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் தெரியும் கோடும் குறையாகத் தெரியாது, கோபுரத்தின் வடிவமே அது.

டோல்கீனே ஆர்த்தங்கைப் பல விதமாக வரைந்து பார்த்துத்தான் இந்த வடிவத்துக்கு வந்தார். நாமும் சொல்லுக்குச் சொல் அவர் பின்னால் போய்ப் பார்ப்பதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது.

ஐந்துபிளேட்

இதை நான் யோசிக்கவே இல்லை. இசங்கார்டு வாசகி சொல்வதையே செய்யுங்கள், என் 5-7-5 கணக்கை வேறு கோபுரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் சாய்வுக்கும் அதே தண்டுதான் மருந்து. இப்போது உங்கள் கோபுரத்தில் வெளித்தோலே எடையையும் தாங்குகிறது, அழகையும் காட்டுகிறது. இரண்டையும் பிரித்துவிடுங்கள். தண்டு நிற்கட்டும், தோல் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கட்டும்.

தண்டை டெக்னிக் பிரிக்கால் (பக்கவாட்டில் துளையுள்ள பிரிக்கால்) கட்டுங்கள். வெறுமனே அடுக்கினால் போதாது, செங்குத்தாகப் பூட்ட வேண்டும். ஒரு டெக்னிக் பிரிக், மேலே இரண்டு பிளேட், மறுபடி டெக்னிக் பிரிக். பிரிக் 9.6 மி.மீ., பிளேட் 3.2 மி.மீ. ஆக துளையிலிருந்து துளைக்கு 16 மி.மீ. வரும், அது சரியாக 2 ஸ்டட். டெக்னிக் பீமின் துளைகள் 8 மி.மீ. இடைவெளியில் இருப்பதால், பீமைச் செங்குத்தாக வைத்து ஒரு துளை விட்டு ஒரு துளையில் இணைப்பு ஆணி (பின்) போட்டுப் பூட்டலாம். நாலு மூலையிலும் இப்படிப் பூட்டினால் அடுக்குகள் பிரிந்து வர வழியே இல்லை. பீம்களின் இணைப்பு எல்லாம் ஒரே உயரத்தில் வராமல் மாற்றி மாற்றி வையுங்கள்.

இதே 5 பிளேட்டுக்கு 2 ஸ்டட் என்ற பொருத்தம்தான் தோலை மாட்டவும் உதவும். பக்கவாட்டு ஸ்டட் உள்ள பிரிக்குகளை 5 பிளேட் உயரத்துக்கு ஒரு முறை வைத்தால், படுக்கவைத்துக் கட்டிய தூண் பலகைகள் நேராக வந்து உட்காரும்.

தூக்குக்குண்டு

நான் கட்டடத் தொழிலில் இருப்பவன், லெகோ பிற்பாடுதான். தண்டு யோசனை சரியானது. அதற்கு முன் கோபுரம் எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். மெல்லிய பேஸ்பிளேட் (அடித்தட்டு) மட்டும் என்றால் அது வளையும். 16 செ.மீ. அகல அடியில் 1 மி.மீ. ஏற்ற இறக்கம் இருந்தால் 95 செ.மீ. உயரத்தில் ஏறக்குறைய 6 மி.மீ. சாய்வாகத் தெரியும். 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றை வெட்டி, பேஸ்பிளேட்டை அதன் மேல் வைத்துக் கட்டுங்கள்.

மேசையையும் மட்டம் பாருங்கள். மாடி ஏற ஏற ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டி இரண்டு பக்கமும் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டே போங்கள். கண்ணை நம்ப வேண்டாம். மேலே போகப் போக ஒடுங்கும் கோபுரம் நேராக இருந்தாலும் சாய்ந்த மாதிரி காட்டும்.

யாராவது பசை போடச் சொன்னால் கேட்காதீர்கள். பசை போட்டால் பிறகு எதையும் திருத்த முடியாது, இந்த அளவு வேலையில் திருத்தாமல் முடியாது.

கறுங்கோபுரம்

எல்லாருக்கும் நன்றி. இசங்கார்டு வாசகி, உங்கள் பதிலைப் படித்துவிட்டு நூலை எடுத்து அந்தப் பகுதியைத் திரும்ப வாசித்தேன். இரண்டு தூண்களின் கோணத்துக்குள் கதவு என்று தெளிவாகவே இருக்கிறது. எத்தனை முறை படித்த வரி!

எண்கோணத்தைப் பிரித்துவிட்டேன். தண்டு 6×6, பீம் வைத்துப் பூட்டியது. அடியில் பிளைவுட். உச்சித்தளம் வரை ஏற்றியாகிவிட்டது, நூல் கட்டிப் பார்த்ததில் நேராக நிற்கிறது. கையால் மெல்லத் தள்ளினால் மொத்தமாக அசைகிறதே தவிர நடுவில் மடங்கவில்லை.

தூண்களை மாட்டும்போது இரண்டு கேள்வி வருகிறது. தூண் மேலே போகப் போக உள்ளே சாய வேண்டும், 3 ஸ்டட் அளவுக்கு. இரு முனையையும் ஸ்டட்டில் மாட்டினால் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. கதவை உள்மூலையில் குறுக்காக எப்படி வைப்பது என்பதும் புரியவில்லை. கொம்பும் நிறமும் அப்படியே நிற்கின்றன.

ஐந்துபிளேட்

சாய்வு: 3 ஸ்டட் என்பது 24 மி.மீ. 95 செ.மீ.க்கு அது ஒன்றரைப் பாகைதான். சாய்வதால் கூடும் நீளம் அரை மி.மீ.கூட இல்லை, ஆகவே நீளம் பிரச்சினையில்லை. ஸ்டட் ஒன்றரைப் பாகை கோணலாக உட்கார மறுப்பதுதான் பிரச்சினை. வம்படியாக மாட்டினால் நாளடைவில் துண்டு விரிசல் விடும். அடியில் மட்டும் கீல் வையுங்கள். மேலே தண்டிலிருந்து ஒரு கம்பித் துண்டு நீட்டி, தூணின் பின்புறம் கிளிப் வைத்துப் பிடிக்க விடுங்கள். கிளிப் கம்பி மேல் சற்று நகரும், அந்த நகர்வு போதும். தூணின் எடை அடித்தளத்திலேயே இறங்க வேண்டும், கிளிப்பில் தொங்கக் கூடாது.

கதவு: உள்மூலையிலிருந்து இரண்டு பக்கமும் 3 ஸ்டட் அளந்தால் குறுக்கே 4.24 ஸ்டட் வரும். 4 ஸ்டட் அகலக் கதவுப் பலகையின் பின்விளிம்பு அந்தக் கோட்டில் நிற்கட்டும். பக்கத்துக்கு 1 மி.மீ. இடைவெளி மிஞ்சும், நிழலில் அது தெரியாது. முன்விளிம்பை அந்தக் கோட்டில் வைத்தால் பின்னால் இடிக்கும். பலகையைத் தாங்க 2×2 வட்டப் பிளேட் ஒன்றை ஒரே ஸ்டட்டில் நடுவில் மாட்டி, அதன் மேல் 45 பாகை திருப்பி வைத்தால் போதும்.

கொம்பு: பந்து மூட்டு உராய்வில்தான் நிற்கும், எடை கூடினால் தொங்கும். சொடுக்கிப் பூட்டும் கீல் வாங்குங்கள். அது 22.5 பாகைக்கு ஒரு பல் என்று பூட்டிக்கொள்ளும். ஒரு பல் விரித்தால் போதும், இரண்டு பல் விரித்தால் பூ மலர்ந்த மாதிரி ஆகிவிடும். இப்போது தூணும் கொம்பும் ஒன்றுதான் என்பதால், கீலைத் தூணுக்குள்ளேயே புதைத்து, முன்னால் சரிவுத் துண்டு வைத்து மூடிவிடலாம்.

இசங்கார்டு வாசகி

நிறம் பற்றி: சாம்பல் வேண்டாம் என்பது என் கருத்து. நூலில் அது பளபளக்கும் கறுங்கல். சாம்பல் கலந்தால் எந்த ஊரிலும் இருக்கிற ஒரு பழைய கோட்டையாகிவிடும்.

கறுப்புக்குள்ளேயே வேறுபாடு காட்டலாம். தூணின் வெளிப்பட்டைகளுக்கு ஸ்டட் இல்லாத வழுவழுப்பான டைல், அவை ஒளியைத் திருப்பியடிக்கும். தூண்களுக்கு நடுவில் உள்வாங்கும் இடத்தில் கல் அடுக்கு மாதிரி கோடு விழுந்த பிரிக்குகள், கிரில் டைல்கள். அவை ஒளியை விழுங்கும். விளக்கை எதிரே வைக்காமல் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு தூணும் தனியாக எழுந்து நிற்கும். ஒரு சிரமம், கறுப்பு டைலில் தூசியும் கீறலும் உடனே தெரியும். மெல்லிய தூரிகையால் தட்டுங்கள், துணியால் தேய்க்க வேண்டாம். கழுவும்படி ஆனால் 40 பாகை செல்சியஸுக்கு மேல் சூடான நீர் கூடாது.

இதை லெகோ மனிதப் பொம்மை அளவில் கட்டியிருந்தால் மூன்றரை மீட்டர் போயிருக்கும். ஆலிஸ் ஃபிஞ்சும் டேவிட் ஃபிராங்கும் அந்த அளவில் லெகோவில் கட்டிய, டோல்கீன் கதையில் வரும் எல்ஃபுகளின் ஊரான ரிவெண்டெல்லுக்குச் சுமார் 2 லட்சம் துண்டுகள் பிடித்தன. ஆளுக்கு ஒரு பிரிக் என்ற உங்கள் அளவு வீட்டுக்குள் அடங்குகிறது, ஆனாலும் கோபுரத்தின் உயரம் நெஞ்சில் அறைகிறது. எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கறுங்கோபுரம்

கொம்புக்குக் கீல் வந்துவிட்டது, ஒரு பல் விரித்து வைத்தேன், அசையாமல் நிற்கிறது. பக்கவாட்டு விளக்கும் வைத்துப் பார்த்தேன். நாலு தூண் என்பது இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. கதவுக்கு ஏறும் படிகள் 27 என்று நூலில் எண்ணிக்கையே கொடுத்திருக்கிறது. 27 பிளேட் வைத்தால் 86 மி.மீ. உயரம் வருகிறது. கோபுரத்தில் பத்தில் ஒரு பங்கு படியாகவே போய்விடும். குறைக்கவும் மனமில்லை.

தூக்குக்குண்டு

ஒரு பிளேட் உங்கள் அளவில் அரை மீட்டர். யாரும் அந்தப் படியில் கால் வைத்து ஏற முடியாது. 9 பிளேட் வையுங்கள், மொத்தம் 28.8 மி.மீ., நிஜத்தில் நாலரை மீட்டருக்குச் சற்று மேல். கதவு தரையிலிருந்து உயரத்தில் இருக்கிறது என்பதற்கு அது போதும். ஒவ்வொரு பிளேட்டும் மூன்று படிக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால் 27 கணக்கும் கெடவில்லை.

இசங்கார்டு வாசகி

9 பிளேட்டுக்கு நானும் சம்மதம். ஒவ்வொரு பிளேட்டின் மேலும் கிரில் டைலைக் குறுக்குவாட்டில் வையுங்கள். அதன் கோடுகள் சின்னச் சின்னப் படிகளாகத் தெரியும். கதவுக்கு மேலே இரும்புக் கம்பி அடைத்த மாடம் ஒன்று உண்டு, சாருமான் அங்கே வந்து நின்றுதான் பேசுவான். அதற்கு இரண்டு ஸ்டட் இடம் இப்போதே விட்டுவையுங்கள், தோலை மூடிய பிறகு செருக முடியாது.

கறுங்கோபுரம்

மாடத்துக்கு இடம் விட்டாயிற்று. 9 பிளேட் படியும் உட்கார்ந்துவிட்டது. கிரில் டைல் கறுப்பில் இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கிறது, வந்ததும் படம் போடுகிறேன்.