புதுப்பிப்பு: ஹெட் கேஸ்கெட் 0.6 மி.மீ. என்று முடிவு

அன்றாடம் ஓட்டும் 86 × 86 மி.மீ. (சிலிண்டர் விட்டம் × பிஸ்டன் நகரும் தூரம்) எஞ்சினில் நாக்கிங் (எரிபொருள்-காற்றுக் கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) வராமலிருக்க, 1.2 மி.மீ. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போட்டு அழுத்த விகிதத்தை (கலவை எத்தனை மடங்கு நசுக்கப்படுகிறது என்பதை) 9.5-இல் நிறுத்தலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அளந்து பார்த்ததில், பிஸ்டன் உச்சிக்கு வரும்போதும் பிளாக்கின் மேற்பரப்புக்கு 0.4 மி.மீ. கீழேயே நிற்கிறது, கேஸ்கெட்டையும் சேர்த்தால் இடைவெளி 1.6 மி.மீ. ஆகிவிடுவதால், ஓரத்திலுள்ள கலவையை நசுக்கி நடுவுக்குத் தள்ளும் வேகம் குறைந்து, நாக்கிங்குக்கு அதுவே வழிவிடக்கூடும். ஆகவே 0.6 மி.மீ. கேஸ்கெட்டையே எடுத்துக்கொண்டேன் (இறுக்கிய பின் உள்ள தடிமனைச் சொல்கிறேன்). 1.2 மி.மீ.-யோடு ஒப்பிட்டால் பிஸ்டனுக்கு மேலுள்ள இடம் சிலிண்டருக்கு ஏறக்குறைய 3.5 கன செ.மீ. குறைந்து விகிதம் 10-ஐத் தொட்டாலும், இடைவெளி 1 மி.மீ.-க்கு வந்துவிடுவது எனக்கு முழுத் திருப்தி. ஹெட் கீழிறங்குவதால், பிஸ்டன்மேல் களிமண் வைத்து எஞ்சினைக் கையால் சுற்றி வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பதே அடுத்த வேலை.